கன்டினியூட்டி நோட்டில் இல்லாதவர்கள்

சீரியல் யூனிட்டில் புதிதாகச் சேருகிறவன் கையில் முதலில் ஒரு நோட்டைத்தான் கொடுப்பார்கள். கன்டினியூட்டி நோட்டு. நாயகி எந்தக் கையில் வாட்ச் கட்டியிருந்தாள், மாமியார் மடியில் இருந்தது முருங்கைக்கீரையா அரைக்கீரையா, வில்லன் குடித்த காபி டம்ளரில் எவ்வளவு மிச்சம் என்று எல்லாவற்றையும் அதில் எழுதி வைக்க வேண்டும். காட்சிகள் வரிசையாக எடுக்கப்படுவதில்லை. அழுதுகொண்டே கதவைத் திறந்து வெளியே போகிறவள் இன்று போவாள், வாசலுக்கு வந்து நிற்பது அடுத்த வாரம் நடக்கும். இடையில் பொட்டின் அளவு மாறினால் அசிஸ்டன்ட் டைரக்டருக்குத் திட்டு விழும். நான் அந்த நோட்டை ஒன்றரை வருடம் சுமந்தேன். வளசரவாக்கத்தில் ஒரு வாடகை பங்களா. மாடியில் ஷூட்டிங், கீழே ஒரு அறையில் ஆபீஸ். கம்பெனி பெயர் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை.

அந்த ஒன்றரை வருடத்தில் யூனிட்டிலிருந்து பதினோரு பேர் காணாமல் போனார்கள். லைட்மேன் ஒருவர், டயலாக் எழுதியவர் இருவர், ஒரு மேனேஜர், அசோசியேட்டுகள், புரொடக்ஷன் பையன்கள். யாரும் 'போகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. மறுநாள் அந்த இடத்தில் வேறொருவர் நிற்பார், அவ்வளவுதான். வளையலுக்கு இருந்த கன்டினியூட்டி ஆட்களுக்கு இல்லை. இதை அப்போது நான் ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்' நாவலை இரண்டாம் முறை வாசித்தபோதுதான் அந்தப் பதினோரு பேரையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.

முதல் முறை படித்தது விழுப்புரத்தில், கல்லூரி நாட்களில். உண்மையைச் சொன்னால் பிடிக்கவில்லை. சினிமா பற்றிய நாவல் என்று எடுத்தேன், உள்ளே சினிமாவே இல்லை. ஹீரோ இல்லை, பாட்டு இல்லை. கதை என்று ஒன்று பிடிபடுவதற்குள் ஆள் மாறிவிடுகிறார். நூறு பக்கத்தில் வைத்துவிட்டேன். சென்னையில் யூனிட் வேலையை விட்டு வெளியே வந்த பிறகு, ஒரு மழைக்கால இரவில் மறுபடி எடுத்தேன். புத்தகம் அதேதான், எனக்குத்தான் இந்த முறை அந்த அலுவலகத்தின் வாசனை தெரிந்திருந்தது.

1960களின் இறுதியில் நா. பார்த்தசாரதியின் 'தீபம்' இதழில் தொடராக வந்த நாவல் இது. விடிவதற்கு முன்பே எழுந்து, அவுட்டோர் ஷூட்டிங்கிற்கு வண்டியையும் ஆட்களையும் திரட்ட அலைகிற புரொடக்ஷன் மேனேஜர் நடராஜனிடம் தொடங்குகிறது. படம் எடுப்பவர் ரெட்டியார். நாயகி ஜயசந்திரிகா படப்பிடிப்புக்கு வராமல் இழுத்தடிக்கிறாள். ரெட்டியார் அவள் வீட்டுக்கே போய் அவளைக் கிளப்பிக் கூட்டிவரப் பார்க்கிற இடம் இருக்கிறதே, தமிழில் முதலாளி ஒருவரின் கையாலாகாத்தனத்தை அவ்வளவு துல்லியமாக எழுதிய பக்கங்கள் குறைவு. பிறகு ரெட்டியார் இல்லை, கம்பெனி இல்லை. படம் ஸ்டூடியோ முதலாளி ராம ஐயங்கார் கைக்குப் போகிறது. வேலை போன உதவி இயக்குநர் ராஜகோபால் தெருத்தெருவாகச் சுற்றுகிறான். ஒவ்வொரு அத்தியாயமும் ஒருவரைத் தூக்கி வெளிச்சத்தில் வைக்கிறது, அப்புறம் கண்டுகொள்வதே இல்லை. நடராஜன் என்ன ஆனான் என்பது பின்னால் பிறர் பேச்சுவாக்கில்தான் நமக்குக் கிடைக்கிறது. விடைபெறும் காட்சி யாருக்கும் கிடையாது.

விமர்சகர்கள் இதை வடிவப் புதுமை என்பார்கள். மையமற்ற நாவல், சிதறிய கதைசொல்லல், இப்படி. எனக்கு இது வடிவமாகத் தோன்றவில்லை. ஒரு தயாரிப்புக் கம்பெனியில் ஆட்கள் எப்படி ஒருவர் வாழ்க்கையிலிருந்து இன்னொருவர் மறைகிறார்களோ, அதை அப்படியே எழுதியிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து ஆறு மாதம் ஒரே சாப்பாட்டு கேரியரைப் பகிர்ந்தவனை அப்புறம் வாழ்நாளில் பார்ப்பதில்லை. கேள்விப்படுவதோடு சரி.

அசோகமித்திரனுக்கு இது எங்கிருந்து வந்தது என்பது ரகசியமில்லை. 1952இல் சிகந்தராபாத்திலிருந்து சென்னை வந்து, எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோவில் சேர்ந்து 1966 வரை இருந்தார். அந்த அனுபவத்தை ஆங்கிலத்தில் 'மை இயர்ஸ் வித் பாஸ்' என்று எழுதினார். அதில் ஒரு பகுதி 'போயட்ஸ் அண்ட் பான்கேக்ஸ்' என்ற பெயரில் சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடமாக இருப்பதால், அசோகமித்திரன் தமிழ் எழுத்தாளர் என்றே தெரியாமல் அவரைப் படித்த பிள்ளைகள் நாடு முழுக்க இருக்கிறார்கள். மார்க்குக்காகப் படித்தவர்களிடம் நான் சொல்ல விரும்புவது, அதை இன்னொரு முறை வேலைக்குப் போன பிறகு படியுங்கள் என்பதுதான்.

அதில் வருகிற மேக்கப் துறையின் அடுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தலைமை மேக்கப்மேன் முதன்மை நடிகர் நடிகைக்கு மட்டும். அவருடைய மூத்த உதவியாளர் இரண்டாம் ஹீரோ ஹீரோயினுக்கு. இளைய உதவியாளர் காமெடியனுக்கு. கூட்டத்தில் நிற்கிறவர்களுக்குப் பூச்சு பூசுவது 'ஆபீஸ் பாய்'. அவர் பாயும் இல்லை, நாற்பதைத் தாண்டியவர். நடிகனாகவோ, இயக்குநராகவோ, பாடலாசிரியராகவோ ஆக வேண்டும் என்று வருடக்கணக்கில் காத்துக் கிடந்து, வாளியில் பெயின்ட் கலக்கிக்கொண்டிருக்கிறார். அசோகமித்திரனின் வேலை பேப்பர் கட்டிங்குகளை வெட்டி ஒட்டுவது. பார்க்கிறவர்களுக்கு அது வெட்டி வேலையாகத் தெரிந்ததால் எல்லோரும் அவர் அறைக்குள் வந்து மனதைக் கொட்டிவிட்டுப் போவார்கள். ஆபீஸ் பாயும் வருவார். அவருடைய கோபம் முழுக்க ஒரே ஆள் மீது: கொத்தமங்கலம் சுப்பு.

ஜெமினியில் வாசனுக்கு அடுத்த இடம் சுப்புவுக்கு. அவர் திறமைசாலி என்பதை அசோகமித்திரன் மறுக்கவே இல்லை. எந்தக் காட்சிக்கும் பத்து மாற்று வழி சொல்லத் தெரிந்தவர், எப்போதும் உற்சாகமாக இருந்தவர், முதலாளியின் மனதோடு தன் மனதை ஒட்டிக்கொண்டவர் என்று எழுதுகிறார். அதே மூச்சில், முறையான படிப்பில் சுப்புவுக்கும் அந்த ஆபீஸ் பாய்க்கும் பெரிய வித்தியாசமில்லை, ஆனால் பிராமணராகப் பிறந்ததில் சுப்புவுக்கு வசதியான இடங்களும் மனிதர்களும் முன்பே பழக்கமாகியிருந்தார்கள் என்பதையும் ஒரு சின்னக் குத்தலோடு சொல்லிவிடுகிறார். அரை வாக்கியம்தான். திறமை, விசுவாசம், பிறப்பு மூன்றும் ஒரு ஆபீசில் எப்படிக் கலக்கின்றன என்று பக்கம் பக்கமாக எழுதினாலும் இவ்வளவு சுருக்கென்று தைக்காது.

(ஒரு இடைச்செருகல். அந்த சுப்புதான் ஆனந்த விகடனில் 'தில்லானா மோகனாம்பாள்' எழுதியவர். ஒரு நாதஸ்வர செட்டும் ஒரு நாட்டிய செட்டும் போட்டிபோடும் கதை. செட்டுக்குள் இருக்கும் பொறாமை, புகழாசை, பிழைப்பு எல்லாவற்றையும் அவர் எழுதினார், ஆனால் கல்யாணத்தில் முடித்துவைத்தார். கீழே உட்கார்ந்து பேப்பர் வெட்டிக்கொண்டிருந்தவர் எழுதியதில் கல்யாணம் தீர்வாக வரவில்லை. இரண்டாம் இடத்தில் இருப்பவருக்கும் கடைசி இடத்தில் இருப்பவருக்கும் ஒரே ஆபீஸ் இரண்டு விதமாகத்தான் தெரியும்.)

சினிமா கம்பெனிக்கு 'கரைந்த நிழல்கள்' இருக்கிறது. நட்சத்திரத்தின் பக்கமிருந்து பார்க்க சுஜாதாவின் 'கனவுத் தொழிற்சாலை' இருக்கிறது. சீரியல் கம்பெனிக்கு அப்படி ஒரு நாவல் ஏன் இல்லை? 1975 ஆகஸ்டில் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது. 1993 ஏப்ரலில் சன் டிவி வந்தது. 1999இல் ராடானின் 'சித்தி' தொடங்கியதிலிருந்து கணக்குப் போட்டாலே கால் நூற்றாண்டு ஆகிறது. தமிழில் தினமும் எழுத்தால் சம்பளம் வாங்குகிறவர்கள் அதிகம் பேர் இருக்கிற இடங்களில் ஒன்று சீரியல். அதற்குள்ளிருந்து ஒரு உருப்படியான நாவலை நான் படிக்கவில்லை. நம் இலக்கியக்காரர்களுக்கு சீரியல் என்றாலே இளக்காரம் என்பது ஒரு காரணம். ஆனால் அது மட்டுமில்லை என்று நினைக்கிறேன்.

சினிமா ஒரு நாள் முடியும். ஓடலாம், படுத்துவிடலாம், பெட்டிக்குள் கிடக்கலாம். எதுவானாலும் முடிவு உண்டு. அதனால் சினிமாக்காரனின் ஆசைக்கு ஒரு வடிவம் இருக்கிறது. 'இந்தப் படம் முடிஞ்சதும் நான் தனியா பண்ணுவேன்' என்று அவன் சொல்ல முடியும். சீரியலில் முடிவு கிடையாது. ஸ்லாட் இருக்கிறது. அந்த அரை மணி நேரம் தினமும் நிரப்பப்பட வேண்டும். பல வருடங்கள், ஸ்லாட்டைச் சேனலிடமிருந்து காசு கொடுத்து வாங்கி விளம்பர நேரத்தைத் தானே விற்றுக்கொள்வது தயாரிப்பாளரின் பிழைப்பாக இருந்தது. இப்போது பல இடங்களில் சேனலே காசு கொடுத்து எடுக்கச் சொல்கிறது. எப்படியானாலும் வியாழக்கிழமை டிஆர்பி வரும். எங்கள் யூனிட்டில் வியாழன் காலை யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். மேனேஜரின் செருப்புச் சத்தத்தை வைத்தே நம்பர் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று சொல்லிவிடலாம்.

நம்பர் இறங்கினால் யாராவது ஒருவர் காரணமாக வேண்டும். டைரக்டர் காரணமாக முடியாது. நாயகி காரணமாக முடியாது, அவள் கால்ஷீட் இல்லாமல் நாளை எபிசோடு இல்லை. ஆக, டயலாக் ரைட்டர், அசோசியேட், சில சமயம் கேமராமேன். இங்கே முன்னேற்றம் என்பது தாவுவதில்லை, காத்திருப்பது. மேலே இருக்கிறவர் சறுக்கி விழும்போது அந்த இடத்தில் கால் வைக்கத் தயாராக இருப்பது. இதில் யாரும் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. சரியான நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ரெட்டியார் ஓடிப்போவதை எழுதலாம். வாயை மூடிக்கொண்டிருந்ததை எப்படி எழுதுவது? அதில் சம்பவமே இல்லையே.

ஆனால் ஒன்று கவனித்திருக்கிறீர்களா? நாவலாசிரியர்கள் எழுதாத இந்த ஆபீஸ் அரசியலை சீரியல்காரர்கள் தினமும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், வீடு என்று பெயர் வைத்து. சீரியல் வீட்டில் யாரும் சமைப்பதாகவோ துவைப்பதாகவோ தெரிவதில்லை. கூடத்தில் எல்லோரும் நின்றபடியே இருப்பார்கள், மீட்டிங் மாதிரி. மாடிப்படியிலிருந்து ஒருவர் இறங்கி வந்து அறிவிப்பு செய்வார். கதவுக்குப் பின்னால் ஒருத்தி ஒட்டுக்கேட்பாள். பத்திரத்தில் கையெழுத்து கேட்பார்கள். ஒரே நாளில் ஒருத்தி செல்லப்பிள்ளையிலிருந்து வேண்டாதவளாவாள், காரணம் சொல்லப்பட மாட்டாது. எந்தக் குடும்பம் இப்படி இருக்கிறது? எனக்குத் தெரிந்து இல்லை. எங்கள் கீழ்த்தள ஆபீஸ் இப்படித்தான் இருந்தது. மாமியார் நிற்கிற இடத்தில் கிரியேட்டிவ் ஹெட்டை நிறுத்திப் பாருங்கள், பொருந்திவிடும். காலை ஒன்பது மணிக்குத் தன்னை அவமானப்படுத்தியவரின் வசனத்தை எழுத்தாளர் பதினொரு மணிக்குக் கொழுந்தன் வாயில் வைத்து அனுப்புவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

திருச்செல்வம் இயக்கிய இரண்டு தொடர்களை வைத்து இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். 'கோலங்கள்' (2003-2009) வெளிப்படையாகவே கம்பெனிக் கதை. தேவயானியின் அபி கட்டுமானத் தொழிலில் நிற்கிறாள், எதிரே ஆதி. டெண்டர், பத்திரம், வங்கிக் கடன் எல்லாம் வருகிறது. ஆனால் ஆதி யார்? அபியின் அப்பாவுடைய இன்னொரு குடும்பத்துப் பிள்ளை. தொழில் போட்டி என்று தொடங்கியது ரத்தப் பங்காளிச் சண்டையாகத்தான் இயங்க முடிகிறது. அதைத் தயாரித்தது விகடன் டெலிவிஸ்டாஸ் என்பது எனக்குத் தனிப்பட்ட முறையில் ஒரு சுவாரசியம். அசோகமித்திரனின் 'பாஸ்' வாசன் நடத்திய அதே விகடன் வழி வந்த நிறுவனம், அரை நூற்றாண்டு கழித்து ஒரு பெண்ணை ஆபீஸ் நாற்காலியில் உட்காரவைத்துக் கதை சொல்கிறது.

'எதிர்நீச்சல்' 2022 பிப்ரவரியில் தொடங்கியபோது அது தலைகீழானது. இங்கே கம்பெனி இல்லை, குடும்பம்தான். ஆனால் அந்தக் குடும்பம் கம்பெனியாக நடக்கிறது. ஆதி குணசேகரன் அண்ணன் இல்லை, எம்.டி. தம்பிகள் துறைத் தலைவர்கள். படித்துவிட்டு வந்து அடுப்படியில் மாட்டிக்கொண்ட மருமகள்கள்தான் கீழ்நிலை ஊழியர்கள். இரவு சமையலறையில் கூடிப் பேசுகிறபோது அது சங்கக் கூட்டம். நடுவே அப்பத்தாவின் நாற்பது சதவீதப் பங்கு. பங்கு என்ற சொல்லே பாருங்கள், நம் ஊரில் நிலத்துக்கும் அதுதான், கம்பெனிக்கும் அதுதான். இந்தத் தொடரை என் அம்மாவும் அவருடைய நூறு நாள் வேலைத் தோழிகளும் அவ்வளவு ஒட்டுதலாகப் பார்த்ததற்குக் காரணம் பெண்ணடிமைத்தனம் பற்றிய கருத்து மட்டும்தான் என்று நான் நம்பவில்லை. மேஸ்திரி எப்படிப் பேசுவார், யாரிடம் குழைவார், யார் பெயரை நோட்டில் விடுவார் என்பது அவர்களுக்குத் தெரியும். குணசேகரனை அவர்கள் வேலையிடத்தில் பார்த்திருக்கிறார்கள்.

குணசேகரனாக நடித்த மாரிமுத்துவின் கதையும் இங்கே சேரும். தேனிப் பக்கம் பசுமலைத்தேரியிலிருந்து 1990 வாக்கில் சென்னை வந்தவர். ராஜ்கிரண், வசந்த், மணிரத்னம், எஸ்.ஜே. சூர்யா என்று பலரிடம் உதவி இயக்குநர். சொந்தமாக இயக்க வந்த வாய்ப்பு 2008இல் 'கண்ணும் கண்ணும்', 2014இல் 'புலிவால்'. ஆக இரண்டு படம். பிறகு நடிகர். வீட்டுக்கு வீடு தெரிந்த முகமாக அவரை ஆக்கியது சீரியல்தான். 2023 செப்டம்பர் 8 அன்று, அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். முப்பது வருடக் காத்திருப்பின் பலன் கிடைத்த இடத்திலேயே. அவருடைய வேடத்துக்கு வந்தவர் 'குற்றப் பரம்பரை' எழுதிய வேல ராமமூர்த்தி. ஒரு எழுத்தாளர். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. தொடர் நின்றால் நூறு குடும்பத்துக்குச் சம்பளம் நிற்கும், அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வாரங்களில் தொடரைப் பார்த்தபோது கன்டினியூட்டி நோட்டு ஞாபகம் வந்தது. இந்த ஒரு மாற்றத்தை எந்தக் கட்டத்தில், எப்படி எழுதியிருப்பான் அந்தப் பையன்?

என் ஊர் மயிலம் பக்கம். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில். விழுப்புரம் என்றதும் சினிமாக்காரர்கள் சொல்கிற ஒரே பெயர் சிவாஜி கணேசன். 1928இல் அவர் பிறந்தது அங்கேதான். சின்ன வயதிலேயே நாடகக் கம்பெனியோடு போய்விட்டார். ஆனால் எங்கள் பக்கத்துக்கு நடிப்பு சிவாஜியோடு வரவில்லை. இது தெருக்கூத்து நாடு. செஞ்சி, மேல்மலையனூர், திண்டிவனம் என்று எந்தப் பக்கம் போனாலும் பாரதம் போடுகிற ஊர்கள். கூத்துப் பெட்டி வைத்திருப்பவர், வாத்தியார், ராஜ வேஷம், பெண் வேஷம், தாளம், முகவீணை என்று அங்கேயும் படிநிலை உண்டு. யாருக்கு எவ்வளவு பங்கு என்ற சண்டையும் விடிந்ததும் உண்டு. ஒரே ஒரு வித்தியாசம், அங்கே கட்டியங்காரன் இருக்கிறான். ராஜாவுக்குப் பக்கத்திலேயே நின்று ராஜாவைக் கிண்டல் செய்கிற உரிமை அவனுக்கு உண்டு. துரியோதனன் கிரீடத்தோடு வந்து நிற்கும்போது, 'யாருய்யா நீ, இன்னா சமாச்சாரம்' என்று ஜனங்கள் சார்பாகக் கேட்பான். கேட்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளமே.

அசோகமித்திரனின் கதைசொல்லிகள் கட்டியங்காரன் நிற்கிற அதே இடத்தில்தான் நிற்கிறார்கள், ராஜாவுக்குப் பக்கத்தில். ஆனால் வாய் திறப்பதில்லை. 'புலிக்கலைஞன்' கதையை நினைத்துப் பாருங்கள். வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு சினிமாக் கம்பெனி ஆபீசுக்குள் மத்தியான நேரம் காதர் வருகிறான். புலியாகப் பாய்ந்து காட்டுகிறான். எல்லோரும் ஆடிப்போகிறார்கள். அப்புறம் அவனைத் தேடி அனுப்பிய கடிதம் திரும்பி வருகிறது. அந்த ஆபீசில் இருந்த ஒருவரும் கெட்டவரில்லை. எல்லோருக்கும் மனசு இருந்தது. கையில் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். இந்த 'கையில் ஒன்றும் இல்லை' என்பதை அசோகமித்திரன் கொஞ்சம் அதிகமாகவே நம்புகிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அவருடைய உலகில் மனிதர்கள் நசுக்கப்படுகிறார்கள், நழுவுகிறார்கள், கரைகிறார்கள். பிறரை மிதித்து ஏறுவதில் ஒரு சந்தோஷம் இருக்கிறதே, அது அவர் பக்கங்களில் கிடைப்பதில்லை. ஜயசந்திரிகாவையும் நாம் ஆண்களின் கண் வழியாகத்தான் பார்க்கிறோம். கட்டிலில் படுத்திருக்கிற அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்பது நாவலுக்கு வெளியே நின்றுவிடுகிறது. எங்கள் யூனிட்டில் நாயகி ஒருநாள் கேரவனைப் பூட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் வெளியே வரவில்லை. மேனேஜர் நடராஜன் மாதிரியேதான் அலைந்தார். எனக்கு அன்று முழுக்க மேனேஜர் மேல்தான் இரக்கம் வந்தது. நாலு மாதச் சம்பளம் பாக்கி என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தது பிற்பாடுதான் தெரிந்தது.

மிதித்து ஏறுவதன் சந்தோஷம் என்றேனே, அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது.

எங்கள் யூனிட்டில் திண்டிவனத்துக்காரர் ஒருவர் அசோசியேட்டாக இருந்தார். என்னை உள்ளே சேர்த்ததே அவர்தான். சேர்ந்த அன்று ஆபீசில் ஒருவர் 'எந்த ஊரு' என்றார். விழுப்புரம் பக்கம் என்றேன். 'விழுப்புரத்துல எங்க?' சொன்னேன். 'ஊர்லயா, ஊருக்கு வெளியவா?' எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தக் கேள்வி என்ன கேட்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. நான் பதில் தேடுவதற்குள் அண்ணன் குறுக்கே வந்து, 'நம்ம ஊரு சார். நம்ம பையன்' என்று முடித்துவிட்டார். சுப்பு பற்றிய அந்த அரை வாக்கியத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இடம் ஞாபகம் வரும்.

லீவு கிடைத்தால் இருவரும் ஒன்றாக விழுப்புரம் பாசஞ்சரில் ஊருக்கு வருவோம். அவர் திண்டிவனத்தில் இறங்குவார், நான் மயிலம். ஒரு ராத்திரி மேல்மருவத்தூர் தாண்டும்போது தன் படத்துக்காக வைத்திருந்த ஒரு காட்சியைச் சொன்னார். விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து ஐந்து பக்கம் ரயில் போகிறது. சென்னை, திருச்சி, கடலூர் வழி மாயவரம், புதுச்சேரி, திருவண்ணாமலை வழி காட்பாடி. புருஷன் கோபித்துக்கொண்டு ஏதோ ஒரு ரயிலில் ஏறிவிட்டான். எந்தத் திசை என்று அவளுக்குத் தெரியாது. கைக்குழந்தையோடு ஒவ்வொரு பிளாட்பாரமாக ஏறி இறங்குகிறாள். அவ்வளவுதான் காட்சி. வசனமே கிடையாது. 'இத மட்டும் யாருக்கும் சொல்லல தம்பி' என்றார்.

மூன்று மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை நம்பர் விழுந்தது. கீழ் அறையில் எல்லோரையும் நிற்கவைத்து, வெள்ளிக்கிழமை எபிசோடுக்கு ஒரு 'எமோஷனல் ஹை' வேண்டும், யாராவது சொல்லுங்கள் என்றார்கள். அண்ணன் அன்று மேலே ஷூட்டிங்கில் இருந்தார். நான் சொன்னேன். அறை அமைதியானது. 'சூப்பர்டா. யாரோட லைன்?' என்று கேட்டார்கள். 'எங்க ஊர்ல பார்த்தது சார்' என்றேன். பொய்யில்லை என்று அப்போது நினைத்தேன். சொல்லி முடித்ததும் உடம்பெல்லாம் ஒரு சூடு ஏறியது. அந்த மாதிரி சந்தோஷம் எனக்கு வாழ்க்கையில் அதிகம் வாய்த்ததில்லை, மறைக்க விரும்பவில்லை. அடுத்த வாரத்திலிருந்து கன்டினியூட்டி நோட்டு இன்னொரு பையன் கைக்குப் போனது, நான் டிஸ்கஷனில் உட்கார்ந்தேன். இரண்டு மாதத்தில் அண்ணனிடம் 'கூப்பிடுறோம்' என்றார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. கேட்கவும் இல்லை. எட்டு மாதம் கழித்து என்னிடமும் 'கூப்பிடுறோம்' என்றார்கள்.

போன தைப்பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். கல்யாண வீடியோ எடுக்கிறாராம், சீசனில் நல்ல வேலையாம். கையில் டிரோன் பெட்டி. டீ வாங்கிக் கொடுத்தார். பையில் 'கரைந்த நிழல்கள்' இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, 'சினிமாக் கதையா, படிக்கிறேன்' என்று கேமரா பையில் செருகிக்கொண்டார்.

அந்த எபிசோடைப் பற்றி நான் வாய் திறக்க இரண்டு முறை முயன்றேன். அவரே ஆரம்பித்தார்.

"அந்த ஸ்டேஷன் சீனு பாத்தேன்டா."

நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் டம்ளர் மிச்சம்.

"நல்லாத்தான் எடுத்திருந்தாங்க. ஆனா அது விழுப்புரமே இல்ல, இன்னா ஸ்டேஷன்டா அது? ரெண்டே பிளாட்பாரம். போர்ட மட்டும் மாத்தி வச்சிருக்காங்க. அவ எங்க போயி தேடுவா?"

கிளாம்பாக்கம் பஸ் வந்தது. ஓடிப்போய் ஜன்னல் வழியாக என் பையைப் போட்டு சீட்டு பிடித்துக் கொடுத்தார்.